பத்துமலையில் ஓர் அண்டாவும் நானும்

என் வீட்டுக்காரர் ஐம்பத்தைந்து வயதில் ரிடையர் ஆனார். அன்றிலிருந்து எனக்கு வேலை கூடிவிட்டது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கிறதற்காக நான் சொல்லவில்லை.

அவர் ரயிலில் கார்டு. வண்டியின் கடைசிப் பெட்டியில் நின்று விசில் ஊதி, பச்சைக் கொடி காட்டுகிறவர். அவர் காட்டினால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். முப்பது வருஷத்துக்கு மேல் இதே வேலை. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். ரிடையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எழுபதுகளின் கடைசியில் கிள்ளானில் ஒரு வரிசை வீடு வாங்கிப் போனோம். பிள்ளைகள் கல்யாணமாகித் தனித்தனியாகப் போய்விட்டார்கள். வீட்டில் நானும், அவரும், பிரிவு விருந்தில் அவருக்குக் கொடுத்த சுவர்க் கடிகாரமும்.

குவார்ட்டர்ஸில் இருந்தவரை காலை நேரம் என்னுடையது. அவர் வேலைக்குக் கிளம்பியதும் துணியை ஊறவைத்துவிட்டு, ரேடியோவைப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாவோடு பின்வாசல் படியில் உட்கார்ந்து காப்பி குடிப்பேன். அந்த அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். அவர் புருஷனுக்கும் ரயில்வேயில்தான் வேலை, ஆபீஸ் கிளார்க். குழம்பில் தேங்காய்ப்பால் ஊற்றுவதா, புளி கரைப்பதா என்று எங்களுக்குள் இருபது வருஷச் சண்டை. பேசி முடித்து, மீன் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போவோம். சில நாள் போகவே மாட்டோம். எங்கே போனாய், எப்போது வந்தாய் என்று கேட்க ஆளில்லை. சமையல் மட்டும் நேரத்துக்கு முடிந்துவிடும். அது போதும்.

எனக்கு வேண்டியது அந்தக் காலைதான். நகை கேட்கவில்லை. காசிக்குக் கூட்டிப் போகச் சொல்லவில்லை.

கிள்ளானில் அவர் வீட்டை ஒரு வண்டி மாதிரி ஓட்ட ஆரம்பித்தார். காலையில் நான் அடுப்படியில் நின்றால் பின்னால் வந்து நிற்பார். குக்கர் விசில் அடித்தால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். நான் செருப்பைப் போட்டால் அந்தச் சத்தத்துக்கு வாசலுக்கு வருவார்.

"எங்க போற?"

"பாசாருக்கு."

"எத்தனை மணிக்குத் திரும்புவ?"

"மீன் வாங்கினதும்."

"அது நேரம் இல்ல."

திரும்பி வரும்போது கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"லேட்டு."

"மீன்காரன் சில்லறை தேடினான்."

"சில்லறை கொண்டு போயிருக்கணும்."

அந்த மீனைச் சுத்தம் செய்த வேகத்தை நினைத்தால் இப்போதுகூட எனக்கே பயமாக இருக்கிறது.

ரிடையர் ஆன மனுஷனுக்குப் பொழுது போக வேண்டும் என்று எல்லாரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். அவரோடு அன்பாகப் பேசு என்றார்கள். முப்பது வருஷம் பேசாததை எந்த வாயால் பேசுவது? வெளியே போங்க என்று நான் நேராகவே சொன்னேன். போனார், கோயிலுக்கு, சாயங்காலத்தில். காலை முழுக்க என் தலைமேல் இருந்துவிட்டு, நான் ஓய்ந்துபோன நேரத்தில் குளித்து விபூதி பூசிக்கொண்டு கிளம்பினார்.

கோயில் மண்டபத்தில் அவரைப்போல் ரிடையர் ஆன ஆட்கள் கூடுவார்கள். ஒரு பள்ளிக்கூட வாத்தியார், எஸ்டேட்டில் கணக்கெழுதின கிராணி, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர், இப்படி. ஆளுக்கு ஒரு பேப்பர் வைத்துக்கொண்டு நாட்டை நடத்துவார்கள். அங்கேதான் ஒருநாள் கோயில் சுற்றுலா என்று பேச்சு ஆரம்பித்தது. பஸ் எடுத்துக் காலையில் கிள்ளானிலிருந்து கிளம்பி, பத்துமலை, பிறகு செராஸில் ஒரு கோயில், ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கோயில், பொழுதோடு வீடு. நடத்துகிற பொறுப்பு இவருக்கு. சாப்பாட்டுப் பொறுப்பு எனக்கு. என்னிடம் யாரும் கேட்கவில்லை. "சாப்பாட்ட நீ பாத்துக்க" என்றார், அவ்வளவுதான்.

நான் மறுக்கவில்லை. இந்தச் சுற்றுலா நல்லபடி நடந்தால் மாதம் ஒன்று நடத்துவார், பஸ் பேசவும் ஆள் சேர்க்கவும் காலையிலேயே அலைவார், வீடு எனக்குக் கிடைக்கும் என்று நினைத்துத்தான் ஒரு பஸ் ஆளுக்குப் புளிச்சோறு கிண்டினேன். கோயிலிலிருந்து பெரிய அண்டா ஒன்றை இவர் தன் பொறுப்பில் வாங்கி வந்திருந்தார். அதில் சோறு. தனி வாளியில் உருளைக்கிழங்கு. டின்னில் அப்பளம். கூடவே வாழைப்பழச் சீப்புகள்.

பஸ் டிரைவர் சீனர். எஸ்டேட்டில் வளர்ந்தவர், நம் ஆட்களைவிட நல்ல தமிழ் பேசினார். இவர் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்ததும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"விசில் கேட்டா எடு. கேக்காம எடுக்காத" என்றார் இவர்.

"அங்கிள், இது பஸ்லா. ரயில் இல்லலா."

"ரோட்டுல ஓடுற எதுக்கும் நேரம் இருக்கு."

பஸ்ஸின் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் முன்னால், ஏழெட்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் அக்காவோடு.

பத்துமலையில் கால் நன்றாக இருந்தவர்கள் மேலே குகைக் கோயிலுக்குப் படி ஏறினார்கள். இவருக்கு முட்டிவலி. பஸ் பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாரும் இறங்கி வந்ததும் மரத்தடியில் சாப்பாடு. நான் பரிமாறினேன். "உப்பு கொஞ்சம் முன்னுக்கு நிக்குது" என்று வாத்தியார் சொல்லிவிட்டு மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். கடைசியில் நான் நின்றபடி இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, அண்டாவைக் கழுவப் பின்பக்கக் குழாய்க்குப் போனேன். கோயில் பாத்திரம், எச்சிலோடு பஸ்ஸில் ஏற்றக் கூடாது.

பாதி கழுவும்போது விசில் கேட்டது.

"இருங்க!" என்று கத்தினேன். விசில் சத்தம் எனக்கு எட்டியது. என் சத்தம் அவருக்கு எட்டவில்லை. அண்டாவைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் ஓடி வந்தபோது பஸ் இல்லை. பஸ் நின்ற இடத்தில் எங்கள் வாழைப்பழச் சீப்பை ஒரு குரங்கு பிரித்துக்கொண்டிருந்தது.

அழுகை வரவில்லை. அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். திரும்பி வருவார் என்று இருந்தேன். நல்ல வெயில். பூக்கடைக்காரப் பெண், "என்ன அக்கா, அண்டா விக்கிறதா?" என்று கேட்டாள். "இல்ல, புருஷனத்தான் விக்கணும்" என்றேன். "அது யாரும் வாங்க மாட்டாங்க அக்கா, எங்கிட்டயே ஒண்ணு இருக்கு" என்றாள்.

அதற்குமேல் அங்கே உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. கைப்பை என்னிடம்தான் இருந்தது. ரோட்டுக்கு வந்து மினி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினேன்.

கண்டக்டர் தமிழ்ப் பையன். "ஆன்டி, இது ஏறணும்னா ரெண்டு ஆளு இறங்கணும்" என்றான்.

"அப்ப ரெண்டு பேர இறக்கு."

யாரையும் இறக்கவில்லை. என்னை ஏற்றிக்கொண்டான். அண்டாவை மடியில் வைத்துக்கொண்டேன். நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் "கொஞ்சம் வைக்கலாமாம்மா?" என்று குடையை அதற்குள் போட்டார். ஒரு மலாய்க்கார அம்மா கோஸையும் கீரைக்கட்டையும் வைத்தார். ஒரு பிள்ளையின் புத்தகப் பை வந்தது. கோலாலம்பூர் வந்து சேரும்போது அண்டா நிறைந்திருந்தது. எல்லாரும் அவரவர் சாமானை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். அவ்வளவு மரியாதை அதுவரைக்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

கிள்ளான் பஸ்ஸைத்தான் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன்.

பழைய பக்கத்து வீட்டு அம்மா பின்வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, அண்டாவோட வாறீர்? வீட்டை விட்டு வெளிக்கிட்டிட்டீரோ?"

"வீட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போயிட்டாரு."

"ஐயோ! எங்கை?"

"பத்துமலையில."

"கோயில்லதானே விட்டவர். பரவாயில்லை. வந்து இரும்."

சோறு போட்டார். தேங்காய்ப்பால் ஊற்றின குழம்பு. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். பிறகு அதே படியில் உட்கார்ந்து காப்பி குடித்தோம். குக்கர் விசிலுக்கு எழுந்து நிற்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. முகம் வெளிறிப்போனது.

"எங்கட இவருக்கு வாற வருஷம் பென்சன்" என்றார். "இப்பவே லீவு நாளில பேப்பரைச் சத்தமாத்தான் வாசிக்கிறார். முழுப் பேப்பரும். விளம்பரமும்."

இன்னொரு தடவை காப்பி ஊற்றினார்.

வெயில் இறங்குகிறவரை அங்கேயே இருந்தேன். கிள்ளானிலிருந்து ஒரு பஸ், இறங்கினால் கொஞ்ச தூர நடை. அவ்வளவுதான் வழி. இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட வரவில்லை. வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எங்கே போகிறாய், எத்தனை மணிக்கு வருவாய் என்கிற இரண்டு கேள்விக்குப் பயந்துகொண்டு கிடந்திருக்கிறேன். அதை நினைக்க, அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி என்மேலேயே வந்தது. மீதிப் பாதி அவருக்குப் போதும் என்று பஸ் ஏறினேன்.

வீடு பூட்டியிருந்தது. சாவி அவரிடம். மறுபடி அண்டாவைக் கவிழ்த்து வாசலில் உட்கார்ந்தேன். என்னோடு பஸ்ஸில் இருந்த அக்கா என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். பத்துமலையில் வண்டி கிளம்பியபோது நான் பின்னால் வீட்டுக்காரரோடு உட்கார்ந்திருப்பதாக அவர் நினைத்திருக்கிறார். செராஸில் இறங்கியதும் இவர் பஸ்ஸின் பின்பக்கம் வைத்திருந்த சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாராம். வாளி இருந்தது. டின் இருந்தது. "அண்டா எங்க?" என்று சத்தம் போட்டாராம். எல்லாரும் சீட்டுக்கடியில் தேடினார்களாம்.

"நான்தான் கேட்டேன். அண்டா கெடக்கட்டும், ஒங்க வீட்டம்மா எங்கன்னு. ஆளு அப்படியே நின்னுட்டாரு."

"அப்புறம்?"

"விசிலை வாத்தியாருகிட்ட குடுத்துட்டு டாக்சி புடிச்சிப் போயிட்டாரு. வாத்தியாருக்கு ஊதத் தெரியல. வெறும் காத்துதான் வந்துச்சி."

இருட்டின பிறகு இவர் வந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கேட்டைத் திறந்து, முதலில் என்னைப் பார்த்தார். பிறகு அண்டாவைப் பார்த்தார்.

"எங்க போன?"

"நீங்க விட்ட எடத்துலதான் இருந்தேன். அப்புறம் போயிட்டேன்."

"மேல வரைக்கும் ஏறித் தேடினேன். ரெண்டு வாட்டி."

முட்டி வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை. சுடுதண்ணி வைத்தேன். அவர் காலை ஊறவைத்து உட்கார்ந்த பிறகு கேட்டேன்.

"மொதல்ல எதத் தேடினீங்க?"

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, "வண்டியில பார்சலுக்கு கார்டுதான் பொறுப்பு. ஒண்ணு குறைஞ்சாலும் பதில் சொல்லணும்" என்றார்.

"ஆளுங்க?"

"ஆளுங்க தானா ஏறிக்குவாங்க. கார்டு எண்ண மாட்டாரு." கொஞ்சம் நிறுத்தி, "நீ எப்பவும் நேரத்துக்கு இருப்பியே" என்றார்.

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. முப்பது வருஷம் நேரத்துக்கு இருந்ததற்குக் கிடைத்த பலன், காணாமல் போனாலும் யாருக்கும் தெரியாததுதான்.

"புதன்கிழம நான் பிரிக்பீல்ட்ஸ் போறேன். இனிமே ஒவ்வொரு புதனும்" என்றேன்.

"எத்தனை மணிக்கு வருவ?"

"வரும்போது வருவேன்."

"அது நேரம் இல்ல."

"இல்லதான்."

காலைத் தண்ணிக்குள் அசைத்தார்.

மறுநாள் காலையில் அண்டாவை அவரே கோயிலுக்குத் தூக்கிப் போனார். மதியம்தான் திரும்பினார். ஓரத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்ததற்கு அங்கே பதில் சொல்ல வேண்டியிருந்ததாம். அந்தக் காலையில் வீட்டில் ரேடியோ பாடியது. நான் ஒன்றும் செய்யவில்லை. நன்றாக இருந்தது.

புதன்கிழமை நான் கிளம்பியபோது கேள்வி எதுவும் வரவில்லை. பஸ் நிற்கிற இடம்வரை கூடவே வந்தார். நான் கூப்பிடவில்லை. பஸ் வர நேரமானது. "இவன் எல்லாம் என்ன வண்டி ஓட்டுறான்" என்று ரோட்டைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். பஸ் வந்தது. ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். கண்டக்டர் மணியடித்தார். இவர் வலது கை பாதி உயர்ந்து, அங்கேயே நின்று, கீழே இறங்கியது.

வண்டி நகர்ந்தது. இத்தனை வருஷத்தில் வண்டி போக, அவர் நின்றதை நான் பார்த்தது அன்றுதான். "மத்தியானச் சோறு?" என்று அவர் கேட்டது வாயசைவில் தெரிந்தது.

சோறு அலமாரியில், மூடி வைத்த சட்டியில் இருந்தது. நான் சொல்லவில்லை. அண்டாவைத் தேடத் தெரிந்தவருக்குச் சட்டியைத் தேடத் தெரியாதா?