சாரலில் நின்ற இழுப்பு

உருகுகிற பிளாஸ்டிக்கின் வாசம் முதலில் சர்க்கரைப் பாகு மாதிரி இனிப்பாகத்தான் வரும். மூக்கைத் தாண்டி உள்ளே போன பிறகுதான் தொண்டையைப் பிராண்டும். அந்த வாசம் கோமதி அத்தையின் சேலையில், தலைமுடியில், அவள் எனக்குப் பிசைந்து தரும் சோற்றில்கூட இருந்தது. அத்தை என் அப்பாவின் தங்கை. புருஷன் இறந்தபின் எங்களோடு இருந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில், தென்காசியிலிருந்து குத்துக்கல்வலசை போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகையில் "டப்பா கம்பெனி" நடந்தது. உடைந்த பிளாஸ்டிக் சீப்பு, வளையலையெல்லாம் நொறுக்கி, இயந்திரத்தில் போட்டு உருக்கி, குற்றால சீசனுக்கு வருகிறவர்கள் வாங்கும் சோப்பு டப்பாக்களை வார்த்தார்கள். இயந்திரத்தின் கைப்பிடியை இழுத்து அழுத்துவது அத்தையின் வேலை. ஜன்னல் கிடையாது. காற்றுப் பட்டால் டப்பா கோணிப்போகுமாம்.

பங்குனி வெயிலில் அவளுடைய மூச்சிரைப்பு, ஊர்ப் பேச்சில் "இழுப்பு", முற்றிவிடும். சாயங்காலம் அவள் மடியில் தலை வைத்துப் படுத்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி கேட்கும். உள்ளே நிஜமாகவே ஒரு பூனை இருக்கிறது என்று நினைத்தபடி தூங்கிப்போவேன்.

ஆனியில் சாரல் விழுந்ததும் கொட்டகையைப் பூட்டிவிட்டு, டப்பா மூட்டைகளை வண்டியில் ஏற்றிக் குற்றாலத்துக்குப் போவார்கள். முதலாளி அருவிக்குப் போகும் பாதையில் கடை போடுவார், அத்தை விற்பாள், லீவு நாளெல்லாம் நான் அவள் பக்கத்தில். மலையிலிருந்து மேகம் இறங்கிக் கடைக்குள்ளேயே வந்து உட்காரும், சிவப்பும் பச்சையுமான டப்பாக்களின்மேல் பொடிப்பொடியாகத் தண்ணீர் பூக்கும், அருவியின் இரைச்சலில் எல்லாரும் எங்கோ தூரத்திலிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். குளித்துவிட்டு ஈரத் தலையோடு உட்கார்ந்து அத்தை கூவுவாள்: "அண்ணாச்சி, டப்பா வாங்கிட்டுப் போங்க! இல்லேன்னா சோப்பைக் குரங்கு தூக்கிட்டுப் போயி உங்களுக்கு முந்திக் குளிச்சிரும்!" நாலைந்து நாளில் பூனை காணாமல் போயிருக்கும்.

சாரலில் மற்றவர்களுக்கு இழுப்பு வரும், அத்தைக்கு நின்றது. "மூலிகைத் தண்ணிலா!" என்று ஊரே சொன்னது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் முதலாளி: "கோமதிக்கு ஆஸ்பத்திரி எதுக்கு? அருவியில குளிச்சா எல்லாம் சரியாப் போவும்." அப்பாவும் நம்பினார். சீசன் முடிந்து கொட்டகை திறந்ததும் பூனை திரும்பி வரும், வருஷத்துக்கு வருஷம் பெரிய குரலில். தண்ணீரின் சக்தி தீர்ந்துவிட்டது என்று நினைத்து, குடத்தில் அருவித் தண்ணீரைச் சுமந்து வந்து அவளைக் குடிக்க வைத்தோம். மடத்தனம், வேறென்ன?

ஒரு வருஷம், இன்றோ நாளையோ சாரல் விழும் என்று நம்பி முதலாளி கடை போட்ட பிறகு, சீசன் ஏமாற்றிவிட்டது. அருவி வெறும் பாறையாகக் காய்ந்து கிடந்தது. கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அத்தை என் தலையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "ஏட்டி, கேளு. ஏதாச்சும் கேக்குதா?" ஒன்றும் கேட்கவில்லை. "தண்ணிதான் விழவே இல்லையே. நான் குளிக்கவே இல்லையே. பொறவு எப்படி நின்னுச்சு?"

சாயங்காலம் முதலாளியிடம் நேராகவே சொன்னாள். "அண்ணாச்சி, எனக்கு இழுப்பு கொட்டகையிலதான் வருது."

அவர் சிரித்தார். "இங்கன காத்துலயும் மூலிகை இருக்கும்லா தங்கச்சி."

"அப்போ அந்தக் காத்து கொட்டகைக்குள்ளயும் வரட்டும். செவுத்துல ரெண்டு ஜன்னல் வைங்க."

"டப்பா கோணிப் போவுமே."

"டப்பா கோணக் கூடாது, நான் செத்தாப் பரவால்லையாக்கும்!"

அதன்பின் அவள் கொட்டகைப் படி மிதிக்கவில்லை. கொட்டகை திறந்தபோது அந்தக் கைப்பிடியை வேறொருத்தி பிடித்திருந்தாள், ஜன்னல் வைக்கவில்லை. அத்தை வீட்டிலிருந்தே பூக் கட்டி விற்றாள். இழுப்பு குறைந்தது, முழுசாகப் போகவில்லை. சாகும்வரை, வீட்டில் மிளகாய் தாளித்தால் தெருவுக்கு ஓடினாள். அந்த முதலாளியை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

இப்போது அத்தை இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். அந்த டப்பாக்களை எந்தக் கடையிலும் காணோம். போன சீசனில் குற்றாலம் போயிருந்தேன். குளித்துவிட்டு, பழைய பழக்கத்தில் ஒரு பாட்டில் நிறைய அருவித் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தால், கார் நிறுத்துமிடத்தின் பின்னால் ஒருவன் பிளாஸ்டிக் பைகளைக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தான். அதே இனிப்பு வாசம். இருமிக்கொண்டே அவனைத் திட்டினேன்.

"ஏன் ஆச்சி சத்தம் போடுதீய? மூச்சு முட்டுச்சுன்னா அருவியில போய்க் குளிங்க, எல்லாம் சரியாப் போவும்."

பாட்டிலில் இருந்த தண்ணீர் முழுவதையும் அந்தத் தீயில் ஊற்றினேன்.