திரும்பி நடந்த தூரம்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து மலையடிவாரத்தில் உள்ள அந்த விடுதிப் பள்ளியில், வழிதவறிய பெண்கள் ஓடிவிடாதபடி ஷூவை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுச் செருப்பைத்தான் கொடுப்பார்கள். அங்கே படித்த கொரின் இப்போது ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். பட்டமளிப்பு நாளில் பேச வந்தவளிடம், வெளிக் கேட்டையே பார்த்து நின்ற புதிதாகச் சேர்ந்த கென்ட்ரா கேட்டாள்.

"நீங்க செருப்போட பனியில ஓடினீங்களாமே, எவ்வளவு தூரம்?"

"ரோடு வரைக்கும்."

"ப்பூ, அவ்வளவுதானா! பிடிச்சிட்டாங்களாக்கும்?"

"யாரும் வரலடி. லாரிக்காரர் ஒருத்தர் ஏறிக்கச் சொன்னாரு. நானாத்தான் திரும்பி நடந்தேன்."

"பைத்தியமா உங்களுக்கு?"

"இருக்கும். மறுநாள் காலைல, வாங்கி வச்சிருந்த என் ஷூவை என் ரூம் வாசல்ல திருப்பி வச்சிருந்தாங்க."

எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியவள், இதைச் சொல்லும்போதுதான் நிமிர்ந்து நின்றாள். கென்ட்ரா கேட்டிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"சரி, உள்ள வாங்க. பேசணும்ல?"