பால் கட்டிய நெல்லும் மணி பிடித்த நெல்லும்

என் வயலில் மணி பிடித்துவிட்டது என்று நீங்கள் சொன்னது பொய். பால் கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னீர்கள்.

வயலில் இறங்காதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். கதிர் வெளியே வரும்போது நெல்லுக்குள் ஒன்றும் இருக்காது. பிறகு பால் கட்டும். கிள்ளினால் வெள்ளையாகக் கசியும். அது இறுகி அரிசியானால்தான் மணி பிடித்தது என்போம். பாலாக இருக்கும்போது தண்ணீர் வருவது நின்றுபோனால் பதர்தான்.

பாகூர்ப் பக்கம் எங்கள் ஏரியின் கீழ் ‘மணி பிடித்தது’ என்பது சும்மா பேச்சுக்குச் சொல்கிற சொல் இல்லை. ஏரியில் தண்ணீர் குறைந்த வருஷம், மணி பிடித்த வயலுக்குத் தண்ணீர் முறை நிற்கும். அந்தத் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகும். கிள்ளிப் பார்த்துச் சொல்வது முறை பிரிக்கிறவர். அது நீங்கள். அடுத்த வயலும் உங்களுடையது. கரும்பு.

நீங்கள் அப்படிச் சொன்ன வருஷம் என் வீட்டுக்காரர் சைகோனில் பிரெஞ்சுக்காரனிடம் வேலையில் இருந்தார். பயிர் என் பொறுப்பு. நீங்கள் வரப்பில் நின்றபடியே ஒரு கதிரின் நுனியைக் கிள்ளினீர்கள். நுனி நெல் எப்போதும் முந்தி முற்றும்.

"மணி பிடிச்சிடுச்சும்மா. மடைய அடைச்சிடு."

"நுனியில கிள்ளினா இன்னா தெரியும் மாமா? அடியில கிள்ளுங்க."

"உன் வூட்டுக்காரன் சைகோன்ல நெல்லா கிள்றான்? எனக்குச் சொல்ல வந்துட்டா!"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அடி நெல்லைக் கிள்ளி உங்கள் விரலில் தேய்த்தேன். வேட்டியில் துடைத்துக்கொண்டு, "பனித்தண்ணி" என்றீர்கள். அப்போது உச்சி வெயில்.

மடையை அடைத்தார்கள். உங்கள் கரும்பு நன்றாக வந்தது. மடுகரையிலிருந்து வந்த அறுப்பாட்கள் என் கதிரைக் கையில் எடுத்ததும் என் முகத்தைப் பார்த்தார்கள். தூற்றியபோது பாதிக்கு மேல் காற்றோடு போயிற்று. விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்டோம். ஊர் நிர்வாகம் பார்க்கிற மேரிடம் போய்ச் சொன்னேன். நெல்லைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். அது உண்மைதான்.

இந்த வருஷமும் ஏரியில் தண்ணீர் குறைவு. என் வயலில் கதிர் வந்திருக்கிறது. முறை பிரிப்பது இன்னும் நீங்கள்தான். ஊர் மதகடியில் கூடும்போது, அன்று என் மடையை ஏன் அடைக்கச் சொன்னீர்கள் என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு என் வரப்பில் ஏறுங்கள்.