பதினான்காம் எண் வீட்டின் இரண்டாவது கல்வெட்டு

ரோமில் ஒரு தெருக்குழாயைப் பழுது பார்த்தால் உடனே ஒரு பெயரைக் கல்லில் வெட்டிவிடுவார்கள். குழாய்க்காரனின் பெயர் அல்ல, அப்போது பதவியில் இருந்த போப்பாண்டவரின் பெயர். தண்ணீர் விழும் துவாரம் விரல் பருமன்தான் இருக்கும், மேலே பெயர் ஆளுயரம். அவருக்கு முன்னால் பேரரசர்களும் இதையேதான் செய்தார்கள். அந்தப் பெயர்களுக்குக் கீழே பிறந்து, காய்கறி வாங்கி, சண்டை போட்டு, செத்துப்போன லட்சக்கணக்கான பேருக்கு எந்தச் சுவரிலும் இடமில்லை. செத்திமியோ க்ருச்சானியும் அப்படித்தான் போயிருப்பார், ஒரு ஸ்வீடன் பிரபு மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால்.

ரோமின் பழைய பேட்டையான த்ரஸ்தேவெரேயில் என் காப்பிக்கடைக்கு நேரெதிரே பதினான்காம் எண் வீடு. செத்திமியோ அதன் இரண்டாம் மாடியில் பிறந்தவர். முப்பத்தோரு வருடம் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி ஆர்ஜியாவும் அவரும் அங்கேதான் குடியிருந்தார்கள். வீடு ஒரு கிழவிக்குச் சொந்தமாக இருந்தவரை யாருக்கும் தொல்லை இல்லை. அவள் இறந்ததும் மருமகன் முறையில் வக்கீல் பொனக்கோர்த்தி கைக்கு வந்தது. ஐந்து வருடத்தில் ஒவ்வொரு குடித்தனமாகக் கிளப்பிவிட்டு, காலியான வீடுகளைச் சுற்றுலாக்காரர்களுக்கான அறைகளாக மாற்றினார். கடைசியில் மிஞ்சியது செத்திமியோ மட்டும்.

அறைகளுக்கு ஒரு பெருமை வேண்டுமே. இருநூறு வருடங்களுக்கு முன் ஒரு ஸ்வீடன் பிரபு அந்த வீட்டில் மூன்று வாரம் தங்கினாராம், கவிதையும் எழுதினாராம். வக்கீல் வாசலுக்கு மேலே சலவைக்கல் பதித்தார். "ரோமின் நித்திய ஒளி இவரை இங்கே தழுவியது" என்று அதில் இருந்தது. பிரபுவின் கடிதங்களை ஆராய வந்த ஒரு மாணவி என் கடையில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னாள். அந்த மூன்று வாரமும் அவருக்கு வயிற்றுப்போக்கு. ஜன்னலைத் திறக்கவே இல்லை.

அதே வாரம் செத்திமியோவுக்கு நோட்டீஸ் வந்தது. சீரமைப்பு வேலை நடக்கப்போகிறது, காலி செய்யவும்.

காகிதத்தை என் மேசையில் விரித்துப்போட்டார்.

"மூணு வாரம் வயித்தால போனவனுக்குக் கல்லு. அறுபத்தெட்டு வருஷமா இந்தப் படியில ஏறி எறங்குறவனுக்கு நோட்டீஸா?"

"நீயும் நாலு கவிதை எழுதியிருக்கணும்," என்றேன்.

"முப்பத்தோரு வருஷம் 'உள்ள நகருங்க, கதவை விடுங்க'ன்னு கத்தினேனே, அது கவிதை இல்லையாடா?"

காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனார். வெரானோ கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே அவருடைய பள்ளித் தோழன் நசரேனோ கல்லறைக்கல் வெட்டிக்கொண்டிருந்தான். நேரே அங்கே போயிருக்கிறார்.

"நான் செத்தவங்களுக்குத்தான்டா வெட்டுவேன்," என்றானாம் நசரேனோ.

"இந்த ஊர்ல வாடகைக்கு இருக்கிறவனும் செத்தவன்தான். வெட்டு."

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி, நடுப்பகல். அன்றைக்கு இத்தாலியில் கோடைத் திருநாள் விடுமுறை, ரோம் முழுக்கக் கடற்கரையில் கிடக்கும். போலீஸ்காரன்கூட அரைக்கால் சட்டையில் தர்ப்பூசணி தின்றுகொண்டிருப்பான். ஏணியை நான் பிடித்தேன். நசரேனோ துளை போட்டான். செத்திமியோ பனியனோடு நடுத்தெருவில் நின்று, "இடப்பக்கம் ஏத்து, அந்தப் பிரபுவைவிட ஒரு விரக்கடை மேல இருக்கணும்," என்று கத்திக்கொண்டிருந்தார். கல்லில் இருந்தது இவ்வளவுதான்:

"செத்திமியோ க்ருச்சானி, டிராம் ஓட்டுநர், இந்த வீட்டில் பிறந்தார். இங்கேயே இருக்கிறார். போகமாட்டார்."

பதினோரு நாள் கழித்து வக்கீல் கடற்கரையிலிருந்து கருத்துப்போய்த் திரும்பினார். கல்லைப் பார்த்ததும் சிவந்துபோனார். அரை மணி நேரத்தில் நகராட்சிப் போலீஸ்காரி ஒருத்தி வந்தாள்.

"இதைப் பதிக்க யார் அனுமதி குடுத்தது ஐயா?"

"ரோமானிய செனட்டும் மக்களும்," என்றார் செத்திமியோ. "நம்ம ஊர்ச் சாக்கடை மூடியிலகூட அவங்க பேருதானே போட்டிருக்கு? அவங்கதான்."

அவள் சிரித்தபடியே எழுதிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் கல்லை எடுக்க ஆட்கள் வந்தார்கள். கூடவே பழஞ்சின்னங்களைக் காக்கும் துறையிலிருந்து கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். சுவரை விரலால் தட்டினாள், முகர்ந்தாள், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். பிறகு கையை உயர்த்தினாள்.

"யாரும் தொடாதீங்க. இது நானூறு வருஷத்துப் பூச்சு. அடியில ஓவியம் இருக்கு."

"இந்தக் கல்லே சட்டவிரோதம் அம்மா!" என்றார் வக்கீல்.

"ஆமா, சட்டவிரோதம்தான். ஆனா இப்ப எடுத்தா பூச்சு உதிரும். ஆய்வு முடியற வரைக்கும் இந்தக் கட்டடத்துல ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது."

"மேல மூணு குளியலறை பாதியில நிக்குதே!"

"நிக்கட்டும். ரோமே பாதியிலதான் நிக்குது."

ஆணி அடிக்கக்கூடாது என்றால் சீரமைப்பு இல்லை. சீரமைப்பு இல்லை என்றால் காலி செய்யச் சொல்லக் காரணமும் இல்லை. நோட்டீஸ் செல்லாமல் போனது. கோப்பு நகராட்சிக்கும் அந்தத் துறைக்கும் நடுவே போய் வர ஆரம்பித்தது. இந்த ஊரில் ஒரு கோப்பு அப்படிப் போய் வரத் தொடங்கினால் பேரரசுகளே விழுந்து எழுந்துவிடும். செத்திமியோ கணக்குப் போட்டு இதைச் செய்யவில்லை. கோபத்தில் ஒரு கல்லைப் பதித்தார், மீதியை ரோம் பார்த்துக்கொண்டது.

ஏழு வருடம் போனது. ஒரு நாள் காலை குடைபிடித்த வழிகாட்டி ஒருவன் இருபது பேரைக் கூட்டிவந்து கல்லுக்குக் கீழே நிறுத்தினான். செத்திமியோ க்ருச்சானி போரில் எதிரிப் படையிடமிருந்து ஒரு டிராம் நிறைய மக்களைக் காப்பாற்றியவர், அதற்காகவே சுட்டுக்கொல்லப்பட்டார் என்று குரல் தழுதழுக்கச் சொன்னான். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாடி ஜன்னலில் துளசித் தொட்டிகளுக்கு நடுவே செத்திமியோவின் தலை தெரிந்தது.

"யோவ்! அது நான்தான்யா! உயிரோடதான் இருக்கேன்!"

கூட்டம் மேலே பார்த்தது. வழிகாட்டி அசரவில்லை. "தியாகியின் மகன், பாவம், புத்தி சரியில்லை," என்று தணிந்த குரலில் சொல்லி அவர்களை நகர்த்திக்கொண்டு போனான்.

அன்றைக்குக் கடையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆர்ஜியா மட்டும் சிரிக்கவில்லை. மூலையில் உட்கார்ந்து மதியச் சமையலுக்குக் கூனைப்பூவை நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கல்லுல நீ பொறந்தே, நீ இருக்கே, நீ போகமாட்டே. நாப்பத்தாறு வருஷமா நான் எங்க இருக்கேன், ஹோட்டல்லயா?"

செத்திமியோ எதிரே இருந்த கல்லை ஏறிட்டுப் பார்த்தார். சீசரைக் கிண்டல் செய்தவர், போப்பைக் கிண்டல் செய்தவர், கல்லில் தன் பெயரை வெட்டும்போது அவர்களைப் போலவேதான் வெட்டியிருந்தார். காது மடல்கள் சிவந்துவிட்டன. மறுநாளே நசரேனோவை வரச்சொன்னார். கல்லைக் கழற்ற அனுமதி கிடையாது, வெட்ட அனுமதி கேட்கும் அளவுக்கு யாருக்கும் பொறுமை கிடையாது. நசரேனோ ஏணியில் நின்றபடியே அடியில் இன்னொரு வரி சேர்த்தான். என்ன வெட்டவேண்டும் என்று சொன்னவள் ஆர்ஜியா:

"சமைத்துப் போட்டது ஆர்ஜியா தோந்தி. அவளும் போகமாட்டாள்."

அதற்கு அடுத்த பிப்ரவரியில் நெஞ்சுச் சளி கட்டி செத்திமியோ போய்விட்டார், சொந்தக் கட்டிலில். சவப்பெட்டியை இறக்கும்போது தெருவை அடைத்திருந்த உணவகங்களின் மேசைகளை நகர்த்தத்தான் பெரும்பாடு பட்டோம். வக்கீல் மலர்வளையம் அனுப்பியிருந்தார். ஆர்ஜியா அதை வாங்கி, பிரபுவின் கல்லுக்குக் கீழே சாய்த்து வைத்தாள்.

"இறந்த தேதியைச் சேத்துரட்டுமா?" என்று நசரேனோ கேட்டான்.

"வேண்டாம். அந்த வக்கீல் தினமும் வாசல்ல நின்னு 'இருக்கிறார்'னு படிக்கட்டும்."