அம்மாவை அளந்த டப்பா

ஈயக் கம்பி உருகும்போது எழும் புகையும், நிலைப்படியில் செருகி வாடிப்போன வேப்பிலையின் வாடையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், தொண்டையில் கசப்பாக இறங்கும், கண்ணைக் கரிக்கும், அழுகை வருகிற மாதிரி இருந்து வராமலே போகும் என்று சொல்வேன். நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் எங்கள் வீடு முழுக்க அந்த வாடைதான். இன்றைக்கும் ஏதாவது கடையில் யாராவது 'சால்டரிங்' வைத்துக்கொண்டிருந்தால் அங்கே என்னால் ஒரு நிமிடம் நிற்க முடியாது.

திருவண்ணாமலையில் செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. முன்னறை அப்பாவின் 'சவுண்ட் சர்வீஸ்' கடை. குழாய் ஒலிபெருக்கி, சீரியல் விளக்கு, இவற்றோடு வரிசையாகப் பெட்ரோமாக்ஸ் விளக்குகளும் நிற்கும். பவுர்ணமிக்குப் பவுர்ணமி கிரிவலப் பாதையில் கடை போடுகிறவர்கள் வந்து வாடகைக்கு எடுத்துப்போவார்கள். நடுவில் கூடம். பின்னால் ஓர் அறை, அதன் ஜன்னலைத் திறந்தால் மலை. அந்தப் பின்னறையில்தான் அந்தக் கோடையில் அம்மாவை வைத்திருந்தோம்.

அம்மாவின் கழுத்தில், தைராய்டு சுரப்பியில், ஒரு கட்டி வந்திருந்தது. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அதை அறுத்து எடுத்தார்கள். மிச்சம் மீதி ஒட்டியிருந்தால் அதையும் கருக்குவதற்காகக் கதிரியக்கம் உள்ள அயோடின் மருந்தைக் கொடுத்து, சில நாள் தனியறையில் வைத்திருந்து அனுப்பினார்கள். மருந்து உடம்பிலிருந்து கழியும்வரை அவளிடமிருந்து கதிர் வந்துகொண்டிருக்குமாம், கண்ணுக்குத் தெரியாதாம். தனித் தட்டு, தனித் துணி, தனிப் படுக்கை. குழந்தைகள் மட்டும் பக்கத்தில் போகவே கூடாது. டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி சித்ரா பவுர்ணமிக்கு மறுநாளாக இருந்ததால், அப்பா அதை எனக்குச் சுருக்கமாகச் சொன்னார். "பவுர்ணமி தாண்டட்டும் பாப்பா. அதுவரைக்கும் அம்மாகிட்ட போவாத."

எங்களுக்குச் சமைத்துப்போட அடி அண்ணாமலையிலிருந்து அப்பாவின் அக்கா, என் அத்தை, வந்திருந்தாள். வேலூர் டாக்டர் சொன்னதையெல்லாம் அப்பா ஒன்றுவிடாமல் அவளுக்கு விளக்கினார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெளியே போய் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்துவந்து வாசல் நிலையில் செருகினாள். "தனி ரூமு, தனித் தட்டு, புள்ளைங்க கிட்ட போவக்கூடாது. இன்னா பேரு வச்சா இன்னா தம்பி, இது ஆத்தாதான்" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் தாளிப்பு நின்றது. அம்மை போட்டிருக்கிறது என்று தெரு முழுக்கப் பேச்சானது. அப்பா முதலில் கோபப்பட்டார். பிறகு, வேப்பிலையைப் பார்த்த ஒருவர்கூட உள்ளே நுழைந்து துருவித் துருவிக் கேட்காததைக் கவனித்தபின், வாடிய கொத்தை அவரே மாற்றத் தொடங்கினார்.

அம்மா அந்த அறையின் வாசற்படிக்கு உள்பக்கமாகக் கோலமாவால் ஒரு கோடு இழுத்திருந்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் அவள். கூடத்தின் இந்தக் கோடியில் நான். தினமும் காலையில் கோலம் போடுகிற கைப்பழக்கத்தில் அந்தக் கோட்டையும் புதிதாக இழுப்பாள். சில நாள் அதன் இரண்டு முனையிலும் ஒரு தாமரை மொக்கு இருக்கும். எனக்கு அந்த மொக்குகளைப் பார்த்தால் ஆத்திரமாக வரும். எனக்கு அப்போதும் பொறுமை கிடையாது, இப்போதும் கிடையாது. "உனக்குக் கால்ல சக்கரம் கட்டியிருக்கா" என்று அம்மா கேட்காத நாளில்லை. அந்தக் கோடையில் எனக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. கடைக்கும் கூடத்துக்கும் நடப்பேன், தெருவுக்குப் போவேன், திரும்பி வருவேன். அம்மா தூங்குகிறாளா என்று எட்டிப் பார்ப்பேன். தூங்கினால் பயம். விழித்திருந்தால் ஏக்கம்.

அப்போது செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்களுக்காக 'பிரவுசிங் சென்டர்'கள் நிறைய இருந்தன. வெயில் ஏறியதும் அவர்கள் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள், கடைகள் ஈ ஓட்டும். எங்களிடம் ஸ்பீக்கர் பழுது பார்க்கிற ஒரு சென்டர்காரர் என்னைச் சும்மா உட்கார விடுவார். அங்கேதான் ஒரு பக்கத்தில் பார்த்தேன்: கண்ணுக்குத் தெரியாத கதிரை வீட்டிலேயே ஒரு தகர டப்பாவை வைத்துக் கண்டுபிடிக்கலாமாம். படத்தோடு அச்செடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். ஆங்கிலத்தில் பாதி புரியவில்லை, ஆனால் படத்தில் இருந்த எல்லாமே அப்பாவின் மேஜையில் கிடக்கிற சாமான்தான். காலி பால்பவுடர் டப்பா, அதன் அடியில் ஓட்டை போட்டுத் தகரத்தில் படாமல் உள்ளே நிற்கிற கம்பி, பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய டிரான்சிஸ்டர்கள், சின்னச் சதுர பேட்டரி, அப்பாவின் ஊசி மீட்டர். டப்பாவின் வாயை மூட சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள். அப்பா அச்செடுத்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சால்டரிங் கோலைச் சூடாக்கினார். அவருக்கும் சும்மா உட்கார முடியவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

முதலில் அது எதற்கெடுத்தாலும் குதித்தது. சாலையில் லாரி போனால் ஊசி ஆடும். அத்தை நைலக்ஸ் புடவையைச் சரசரத்துக்கொண்டு பக்கத்தில் வந்தால், அந்தத் துணி உரசி எழும் மின்சாரத்துக்கே கடைசிவரை ஓடிப்போய் நிற்கும். "தள்ளிப் போங்கத்தை" என்று நான் கத்த, "ஏண்டி, என் பொடவையைப் பாத்து உன் மிஷினு பயப்படுதா?" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா டப்பாவைச் சுற்றி இன்னொரு தகரம் கட்டி, அத்தையைப் பருத்திப் புடவைக்கு மாற்றிய பிறகுதான் ஊசி அடங்கியது.

டப்பா நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பார்க்க, விளக்கு மேண்டிலை வைத்துப் பார்க்கும்படி அந்தத் தாளில் போட்டிருந்தது. மேண்டில் என்றால் பெட்ரோமாக்ஸுக்குள் கட்டுகிற வெள்ளை வலைப் பை. அதுதான் எரிந்து ஒளி விடும். அதில் தோய்க்கிற உப்பு கொஞ்சம் கதிரும் விடுமாம். எங்கள் கடையில் அது பெட்டி பெட்டியாக இருந்தது. ஒன்றைப் பிரித்து டப்பாவின் வாய்க்கு நேராக வைத்தோம். ஊசி குதிக்கவில்லை. மெதுவாக எழுந்தது, எழுந்த இடத்திலேயே நின்றது. எடுத்ததும் இறங்கியது. மறுபடி வைத்தோம், மறுபடி எழுந்தது. நான் கைதட்டினேன். அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தினி வருஷமா இதைக் கட்டிட்டு அப்படியே சோத்துல கை வைக்கறேன்" என்றார். அன்றிலிருந்து கடைவாசலில் சோப்பும் தண்ணீரும் வந்தன.

அதற்குப்பின் தினமும் சாயங்காலம் எங்கள் சடங்கு நடக்கும். டப்பாவிலிருந்து மீட்டருக்கு அப்பா நீளமான ஸ்பீக்கர் ஒயர் கட்டிக் கொடுத்திருந்தார். டப்பாவை ஒரு மணைப்பலகையில் வைத்து, மூங்கில் கழியால் கோடுவரை தள்ளுவேன். அம்மா அதை எடுத்துக் கழுத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வாள். கூடத்தின் இந்தக் கோடியில் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு நான் ஊசியைப் பார்ப்பேன்.

"இன்னா டாக்டரம்மா, எவ்ளோ?"

"ஜாஸ்தி."

"நேத்தைக்கு இன்னிக்கு?"

"கொஞ்சம் கம்மி."

அது உண்மை. ஊசி நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டுதான் வந்தது. அவள் உடம்பிலிருந்து மருந்து கழிவதை நான் என் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். சோதித்துப் பார்த்த அந்த மேண்டிலைத் தானும் பார்க்கவேண்டும் என்று அம்மா கேட்டாள். ஒருநாள் டப்பாவோடு அதையும் தள்ளிவிட்டேன். டப்பாவின் வாயில் வைத்துப் பார்த்து, ஊசி ஏறுகிறதா என்று என்னைக் கேட்டு, "அட!" என்று சிரித்தாள். அதைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. கடையில் ஆயிரம் கிடந்தது.

ஊசி மிகவும் தாழ்ந்திருந்த ஒரு சாயங்காலம், பவுர்ணமிக்கு இன்னும் நாளிருந்தது, நான் எழுந்து நின்று அறிவித்தேன். "ஊசி அசையாத அன்னிக்கு உள்ள வந்துடுவேன். டாக்டராவது, பவுர்ணமியாவது!"

"அடி வாங்குவே" என்றாள் அம்மா.

"அடிக்கணும்னா கிட்ட வந்துதானே ஆவணும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. டப்பாவைப் பலகையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

மறுநாள் ஊசி தாழவில்லை. ஏறியிருந்தது. அதற்கு மறுநாளும் அங்கேயே நின்றது. பேட்டரியை மாற்றினேன். வெள்ளித்தாளை மாற்றினேன். அப்பா இல்லாத நேரத்தில் நானே சால்டரிங் வைத்து விரலைச் சுட்டுக்கொண்டேன். டப்பா என்னிடம் இருக்கும்போது ஊசி அடங்கிக் கிடந்தது, அம்மா எடுத்தவுடன் எழுந்து நின்றது. பழுது டப்பாவில் இல்லை, அம்மாவிடம்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. மருந்து கழியவில்லை, கட்டி திரும்ப வந்துவிட்டது, பெரியவர்கள் என்னிடம் மறைக்கிறார்கள். "கம்மியா?" என்று அம்மா கேட்டால் "கம்மி" என்று பொய் சொன்னேன். அப்பாவிடம் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயம். சோறு இறங்கவில்லை. "வெயில் சூடு" என்று அத்தை மோர் கொடுத்தாள். "மலையைப் பாத்துக்கிட்டே படுத்திருக்கா, அவளுக்கு இன்னாடி ஆவும்?" என்று ஒருமுறை அவளாகவே சொன்னாள். நான் மலையைப் பார்த்தேன். அது எப்போதும்போலச் சும்மா இருந்தது. எனக்கு அதன்மேலும் கோபம் வந்தது.

சித்ரா பவுர்ணமிக் கூட்டம் எங்கள் சந்துவரை வழிந்தது. விளக்குகள் எல்லாம் வாடகைக்குப் போய், அப்பா மூச்சுவிட நேரமில்லாமல் ஓடினார். நான் மேண்டில் எடுத்துக்கொடுத்தேன், எண்ணெய் ஊற்றினேன், ஊசி மட்டும் கண்முன்னே நின்றது.

மறுநாள் காலை அத்தை தன் கணக்குப்படி அம்மாவுக்கு "தலைக்குத் தண்ணி" ஊற்றினாள். அம்மை இறங்கினால் செய்வதுபோல மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, வெயிலில் காய்ந்த தண்ணீர். டாக்டரின் தேதியும் அத்தையின் தண்ணீரும் அன்று ஒன்றாக வந்ததில் அப்பாவுக்கும் அத்தைக்கும் திருப்தி. அம்மா தலையில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கோலமாவுக் கோட்டைக் காலாலேயே அழித்தாள். என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள்.

நான் பின்னால் போனேன். முதுகு ஸ்பீக்கர் பெட்டியில் இடிக்கும்வரை போனேன். "வராதேம்மா! ஊசி இன்னும் இறங்கல. உனக்கு இன்னும் சரியாவல. நான் பொய் சொன்னேன்" என்று கத்தினேன்.

நீட்டிய கை அப்படியே நின்றது. அம்மா விறுவிறுவென்று பின்னறைக்குப் போனாள். துவைக்கப் போட்டிருந்த பழைய புடவையை எடுத்துவந்து, அதன் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நாலணா எட்டணா முடிந்துவைக்கிற அந்த முடிச்சிலிருந்து, கசங்கிப்போன வெள்ளை மேண்டில் தரையில் விழுந்தது.

"இதாண்டி உன் ஊசி" என்றாள். "உள்ள வந்துடுவேன்னு நின்ன. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? டப்பாவைப் பிடிக்கறப்போ முந்தானையைச் சேர்த்துப் பிடிச்சிக்கிட்டேன். ரெண்டு நாள்லயே உன் மூஞ்சி செத்துப்போச்சு. எடுத்துடலாமானு எத்தினி வாட்டி அவுத்தேன் தெரியுமா? எடுத்தா வந்துடுவியே."

நான் அவளை அடித்தேன். இரண்டு கையாலும் வயிற்றில், தோளில், எட்டின இடத்திலெல்லாம் அடித்தேன். அடிப்பதற்குத்தான் கிட்டே போனேன். பிறகு அவள் என்னை விடவில்லை. அவள்மேல் மஞ்சள் மணமும் வேப்பிலை மணமும் வந்தன. இத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது. அத்தை "ஏன் ஈரத்தோட கட்டிக்கினு நிக்கறீங்க" என்று அதட்டிவிட்டு, அன்றைக்குக் குழம்பைத் தாளித்தாள். அந்தக் கடுகு வெடித்த சத்தத்துக்கு அப்பா கடையிலிருந்து எழுந்து உள்ளே வந்தார்.

இப்போது கிரிவலப் பாதை முழுக்க மின்விளக்கு. பெட்ரோமாக்ஸ் கேட்டு யாரும் வருவதில்லை. அப்பாவின் கடையில் சீரியல் விளக்கு மட்டும் மிச்சம். பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் காப்பிக் கடை. அத்தை போய்ச் சேர்ந்தாள். பால்பவுடர் டப்பா எந்த வீடு மாற்றத்திலோ, எந்தப் பழைய இரும்புக்காரரிடமோ போய்விட்டது. அம்மா தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

இந்த முறை ஊருக்குப் போகும்போது, கைக்கு அடக்கமான கதிர் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். அம்மா பீரோவைத் திறந்து, என் குழந்தைத் தோடு இருக்கும் டப்பியிலிருந்து அந்த மேண்டிலை எடுத்தாள். தூக்கிப்போட மனசு வரவில்லையாம். மீட்டரை அருகில் கொண்டுபோனதும் சடசடவென்று அடித்தது. அன்றைக்கிருந்த வேகம் அதற்கு இன்னும் குறையவில்லை. மேண்டிலைத் திரும்ப டப்பியில் போட்டு மூடி, பீரோவுக்குள் வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து கழுத்துத் தழும்பைக் காட்டினாள். "இங்க வச்சிப் பாரு" என்றாள்.

கையை நீட்டி மீட்டரை வைத்தேன். வெறும் சுவரில் வைத்தாலும் கேட்கிற மாதிரி, எப்போதாவது ஒரு சின்னச் சத்தம்.

"இன்னா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"அப்பறம் இன்னா, அங்கயே நிக்கிற?" என்று சொல்லிவிட்டு, கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.