வாய் திறக்காத மெட்டு

திருவிழா மேடையில் எங்கள் ஆயாக் கொட்டகைப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தபோது, முன்னால் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கைதட்டுவதை நிறுத்தினார்கள். பாட்டு நான் எழுதியது. என்ன தவறு என்று புரியவில்லை.

"சாவு வீட்டு மெட்டுக்குப் பச்சப் புள்ளைங்கள ஆட விட்டிருக்கா பாரு! படிச்ச பொண்ணாம் லா!" என்று ஒருத்தி உரக்கவே சொன்னாள்.

கொழுந்தெடுக்கும் கன்னியம்மா கைக்குழந்தையோடு எழுந்து வெளியே போனாள். மெட்டு அவளுடையது.

நான் ஈப்போ டவுனில் வளர்ந்தவள். சாவு வீட்டுப் பக்கம் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். ஒப்பாரி என் காதில் விழுந்ததே இல்லை. கல்யாணமாகி இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். தாய்மார்கள் கொழுந்தெடுக்கப் போகும்போது ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. இருபத்து மூன்று வயதிலேயே எல்லாருக்கும் 'ஆயா' ஆகிவிட்டேன். என் மகளும் அங்கேதான் ஒரு தொட்டிலில் கிடந்தாள்.

"திருவிழாவுக்குப் பாட்டு ஒண்ணு எழுதிடு புஷ்பா. சினிமாப் பாட்டு வேணாம், தொரை வர்றாரு" என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சொல்லியிருந்தார்.

எழுத உட்கார்ந்தால் ஒரு வரியும் வராது. ஆனால் பத்து மணிக்குக் கன்னியம்மா பால் கொடுக்க வருவாள். குழந்தையை மடியில் போட்டு, வாய் திறக்காமல் 'ம்... ம்...' என்று ஒரு மெட்டை இழுப்பாள். உடனே எனக்கு வார்த்தைகள் வரும். பால்மாவு டின்னின் காகிதத்தைக் கிழித்து, அதன் பின்புறம் எழுதுவேன். அவள் வராத நாளில் பென்சில் சும்மா கிடக்கும். இழுப்பைக் கொஞ்சம் வேகமாக்கி, கைதட்டுக்கு ஏற்றபடி மாற்றினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

திருவிழாவுக்கு மறுநாள் அவள் குழந்தையைக் கொட்டகைக்குக் கொண்டுவரவில்லை. மலையில் பனி இறங்கியிருந்தது. உதவிக்கு இருந்தவளிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு, கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஓடினேன். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியலன்னா கேக்கணும்ல? என் மூத்தவன் செத்தப்ப அழுத மெட்டு அது. உசுரோட இருக்கிற புள்ளைக்கு ஆகாதுன்னுதான் வாயத் தொறக்காமயே இழுத்தேன். நீ அதுக்கு வார்த்தையும் போட்டு, கைதட்டும் போட்டுட்ட."

"மூணு மாசமா என் மவளையும் அத பாடித்தான் தூங்க வச்சேன்கா. ஏதாச்சும் ஆயிடுமா?"

"தூங்குனாளா?"

"நல்லா தூங்குவா."

"அப்ப என் மவன் அவளப் பாத்துக்கிட்டான்னு நெனச்சுக்க. ரெண்டாவது நெறவைக்குப் போவணும். இந்தா, புடி" என்று குழந்தையை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள்.

அன்று முதல் பத்து மணிக்கு வருவாள், பால் கொடுப்பாள், மெட்டு மட்டும் வராது. நானும் எழுதவில்லை. கெடுத்துவிட்டோமோ என்று தினமும் நினைப்பேன். ஒரு நாள் மழையில் அவளையறியாமல் 'ம்...' என்று தொடங்கிவிட்டாள். என் கை பென்சிலுக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"அக்கா, எழுதலாமா?"

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "எழுது. அவன் பேரு சின்னராசு."

அந்தப் பாட்டு எந்த மேடையிலும் ஏறியதில்லை. ஆயா வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு தாய் தொட்டிலோரம் எதையாவது முணுமுணுத்தால், அது யாருக்கானது என்று முதலில் கேளுங்கள்.