மதினி சொல்லித்தந்த முதல் இழுப்பு

தென்காசியில் ஒரு ஜிம்மின் மாடியில், ஜன்னலோரம் கிடந்த அந்தத் துடுப்பு மெசினை நினைத்தால் முதலில் அதன் சத்தம்தான் காதில் வருகிறது. பிடியை இழுத்ததும் உள்ளே சக்கரம் இரைந்தபடி சுற்றும். வெளியே சாரல். குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்த அந்த மாதம் எனக்கும் மதினிக்கும் ஒன்றாக விடுப்பு கிடைத்திருந்தது. இருவருக்கும் காவல்துறையில் வேலை. படகோட்டும் அணியில் ஒரே இரட்டைப் படகில் முன்னும் பின்னுமாக உட்காருவோம். ஆய்க்குடிக்காரியான அவரை முதலில் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கு நான்தான் கூட்டிவந்தேன். அண்ணனுக்குப் பேசி முடித்துக் கல்யாணமான பிறகு மதினியானார்.

விடுப்பு முடிந்ததும் ஒற்றைப் படகுக்குத் தேர்வு. ஒருவர்தான் போட்டிக்குப் போகமுடியும். ஊரில் ஓட்டுவதற்குப் படகு இல்லாததால் தினமும் காலையில் மெசினில் பயிற்சி செய்தோம். நான் முதல் இழுப்பிலேயே பலத்தையெல்லாம் காட்டுவேன். மதினி தோளைத் தொட்டு நிறுத்துவார்.

"ஏட்டி, இது இரும்பு. நீ என்ன செஞ்சாலும் அசையாம கெடக்கும். படகு அப்படியா? வெடுக்குன்னு பிடுங்குனா துடுப்பு தண்ணியக் கிழிச்சிட்டுப் போயிரும், படகு அங்கனயே நிக்கும். மெல்ல எடு. நகந்த பொறவு வேகத்தக் கூட்டு."

தேர்வு எப்போதும் தண்ணீரில்தான் நடக்கும் என்பதால் எனக்கு அது நியாயமாகவே பட்டது. விடுப்பு முடியும்வரை மெல்ல எடுத்தே கையைப் பழக்கினேன்.

எங்கள் பயிற்சி முகாம் இருந்த ஊரில் மழையில்லை. ஏரி சேறாகக் கிடந்தது. தேர்வு மெசினில்தான் என்றார் பயிற்சியாளர். குறுகிய தூரம். அடுத்தடுத்த மெசினில் உட்கார்ந்தோம். விசில் ஊதியதும் என் கை பழக்கப்படி மெல்ல எடுத்தது. மதினியோ காலை முழுதாக மடக்காமல் பாதி நீளத்திலேயே வெடுக்வெடுக்கென்று நாலு வெட்டு வெட்டினார். நான் சுதாரிப்பதற்குள் அவர் சக்கரம் அலறிக்கொண்டிருந்தது. அந்த நாலு இழுப்பில் விட்டதைக் கடைசிவரை பிடிக்க முடியவில்லை. இறங்கி வந்து அவரைக் கட்டிப்பிடித்தேன். உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்று மாலை அண்ணன் போன் செய்தார்.

"மதினி மாதிரி நீயும் சாயங்காலம் ஜிம்முக்குப் போயிருக்கலாம்லா? அருவிக்குல்லா குளிக்கப் போயிட்ட. அவள நான்தான் தெனமும் வண்டில ஜிம்முக்குக் கொண்டுபோய் விட்டேன். மெசின்லதான் தேர்வுன்னு ஒங்க சார் சொன்னதுல இருந்து ஒரு நாள் விடல."

"சார் எப்பண்ணே சொன்னாரு?"

"நீங்க ஊருக்கு வந்த மூணாம் நாளே போன் பண்ணாரே. ஒங்கிட்டயும் சொல்லச் சொன்னாராமே. மதினி சொல்லலையா?"

மதினி அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"ஒனக்கு இன்னும் வயசு கெடக்குட்டி. எனக்கு இதான் கடேசி."

"எங்கிட்ட கேட்டிருந்தா விட்டுக்குடுத்திருப்பேனே, மதினி."

"குடுத்திருக்க மாட்ட."

அது உண்மையாகவும் இருக்கலாம். இன்றுவரை எனக்கே தெரியவில்லை. ஆனால் கேட்டுவிட்டு அல்லவா அதை அவர் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்?

போட்டியில் மூன்றாவதாக வந்தார். பதக்கத்தோடு நிற்கும் படத்தை அண்ணன் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினார். மதினி முகாமுக்குத் திரும்பியதும் எங்களை மறுபடி இரட்டைப் படகில் உட்காரவைத்தார்கள். ஏரியில் தண்ணீர் வந்திருந்தது. மதினியின் முதுகு என் கண்முன்னே. விசில் ஊதியதும் அவர் மெல்ல எடுத்தார், எனக்குச் சொல்லித்தந்தபடியே. படகு வழுக்கிக்கொண்டு கிளம்பியது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என்னால் தாங்க முடியாமல் போனது அதுதான். கரையேறியதும் வேறு ஜோடி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போதும் விடுப்பில் மேலகரம் போனால் மதினிதான் சோறு போடுகிறார். நல்ல கைப்பக்குவம். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" என்று கேட்கிறார். வயிறு நிறைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், போதும் என்று சொல்லி எழுந்துவிடுகிறேன்.